வாடகைக் காரும் எட்டு மாதம் கழித்து வந்த கடிதங்களும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில், ஐரோப்பாவைக் காரில் சுற்றிப் பார்ப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் வாடகைக் கார் விஷயத்தைக் கட்டுரையாளர் இரண்டே வரியில் முடித்துவிட்டார். நம் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் அதுவே போதும் என்பது ஒரு வரி. சாலையின் வலப்பக்கம் ஓட்டப் பழகிக்கொண்டால் கவலையில்லை என்பது இன்னொன்று. முதல் வரி இத்தாலிக்குப் பொருந்தாது. இரண்டாவது வரி, பயப்பட வேண்டாத இடத்தில் ஆட்களைப் பயப்பட வைத்து, பயப்பட வேண்டிய இடத்தில் தூங்க வைக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகப் போகும். வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால் பார்க்கிங் பற்றிய பகுதியை வெட்டுங்கள், கேமரா பகுதியில் கை வைக்காதீர்கள்.

நான் திருப்பூரில் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். வட்டப் பின்னல் மெஷின் பார்க்க இத்தாலியின் பிரெஷா நகரத்துக்குப் போவது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. சென்ற அக்டோபரில் போனபோது மனைவியையும் கூட்டிப்போனேன். வேலை முடிந்த கையோடு அங்கேயே ஒரு கார் எடுத்து, ஃபுளோரன்ஸ், சியெனா, அதற்குத் தெற்கே ஓர்ச்சா பள்ளத்தாக்கு என்று தஸ்கனி பக்கம் சுற்றிவிட்டு வந்தோம்.

முதலில் லைசென்ஸ். ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே வாங்கிய லைசென்ஸை வைத்து இத்தாலியில் ஓட்ட, அதோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியோ, அதிகாரபூர்வமான இத்தாலிய மொழிபெயர்ப்போ இருக்க வேண்டும். நம் அட்டை ஆங்கிலத்தில் இருக்கிறது என்பது இத்தாலியப் போலீஸ்காரருக்கு ஒரு பொருட்டே இல்லை. அனுமதி வாங்குவதும் பெரிய வேலை இல்லை. 4-ஏ படிவத்தில் விண்ணப்பித்து ஆயிரம் ரூபாய் கட்டினால் நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே தருகிறார்கள். ஓராண்டு செல்லும். வாடகைக் கம்பெனிக்காரர் சில சமயம் இதைக் கேட்காமலே சாவியைக் கொடுத்துவிடுவார். அவர் கேட்கவில்லை என்பதால் வழியில் நிறுத்தும் போலீசும் கேட்காது என்று அர்த்தமில்லை. விபத்து ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான். இணையத்தில் டாலர் கட்டினால் 'சர்வதேச லைசென்ஸ்' அனுப்புகிறோம் என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள், அது வெறும் காகிதம். இன்னொன்று, மூல லைசென்ஸ் அட்டை கையில் இருக்க வேண்டும். டிஜிலாக்கரைத் திறந்து காட்டினால் கவுன்டரில் இருக்கும் பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார், கார் வராது.

அடுத்தது கவுன்டர். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். மனைவி பெயரில் புக்கிங், கணவன் பெயரில் கார்டு என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். டெபிட் கார்டையும், நம்மவர்கள் டாலர், யூரோ ஏற்றிக்கொண்டு போகும் ஃபாரெக்ஸ் கார்டையும் டெபாசிட்டுக்குப் பெரும்பாலும் எடுப்பதில்லை. நம் ஊர் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்துவிட வேண்டும், 2020-லிருந்து ரிசர்வ் வங்கி விதி அப்படி. அதைக் கிளம்புமுன் செய்யாமல், அங்கே போய் ஓ.டி.பி. வராமல், வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முறைக்க நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கார்டில் 1,200 யூரோ பிளாக் செய்வோம் என்றார்கள். வாடகைத் தொகை வேறு. பிளாக் செய்த பணம் காரைத் திருப்பிக் கொடுத்தபிறகு விடுபடும், ஆனால் அதுவரை அந்த லிமிட் உங்களுக்கு இல்லை. அடிப்படை இன்சூரன்ஸ் வாடகையிலேயே சேர்ந்திருக்கும். ஆனாலும் ஒரு குறிப்பிட்ட தொகை வரை சேதம் நம் தலையில்தான் விழும். அதையும் தாங்களே ஏற்றுக்கொள்ளும் முழு கவர் ஒன்றைத் தினக்கணக்கில் விற்பார்கள். விற்பதில் தவறில்லை. எதெல்லாம் அதில் அடங்காது என்று கேட்காமல் வாங்குவதுதான் தவறு. டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம் மூன்றையும் பல ஒப்பந்தங்களில் விலக்கி வைத்திருப்பார்கள். ஏற்றுமதிக்கு பேங்க் தரும் பண உத்தரவாதமான எல்.சி. டாக்குமென்டில் ஒரு எழுத்து பிசகினால் பேங்கில் பணம் நிற்கும் தொழிலில் இருக்கிறவன் நான். அதனால் நின்று நிதானமாக எல்லாப் பக்கத்தையும் படித்தேன். கவுன்டர்காரருக்கு அவசரம், எனக்கு இல்லை. அடிப்பாகத்தையும் சேர்த்து எழுதித் தந்த பிறகுதான் முழு கவர் எடுத்தேன். காரணம் இருக்கிறது. உங்கள் கட்டுரையில் சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே போகும் வெள்ளை நிறச் சாலையின் படம் போட்டிருந்தீர்களே, அது தார்ச் சாலை இல்லை. ஜல்லிச் சாலை. ஓர்ச்சா பள்ளத்தாக்கில் பண்ணை வீடுகளில் தங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கடைசிக் கொஞ்ச தூரம் அந்த மாதிரிச் சாலையில்தான் போக வேண்டியிருக்கும். கல் தெறித்து அடியில் டங்கென்று அடிக்கும் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

பணம் கட்டும்போது மெஷினில் ரூபாயா, யூரோவா என்று கேட்கும். யூரோ என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அவர்கள் இஷ்டத்துக்கு வைப்பார்கள். வெளிநாட்டுச் செலவுக்கு நம் பேங்க் கார்டில் சேர்க்கும் மார்க்-அப் கட்டணம் 3.5 சதவீதம் வரை இருந்தாலும் அதைவிட இதுவே மேல். ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் முன்பே சொல்லிவைக்க வேண்டும். அங்கே கியர் வண்டிதான் சாதாரணம், ஆட்டோமேட்டிக் விலை அதிகம்.

வண்டி ஓட்டுவதற்கு வருவோம். இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். இண்டிகேட்டர் போட நினைத்து வைப்பரைப் போடுவீர்கள், அவ்வளவுதான். ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழிவிட வேண்டும். ஊருக்கு வெளியே பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும் என்பது சட்டம். இடது லேன் முந்துவதற்கு மட்டும். முந்திவிட்டு உடனே வலப்பக்கம் வந்துவிட வேண்டும், இல்லையென்றால் பின்னால் வருபவர் லைட்டை அடித்து அடித்து நம் உயிரை எடுப்பார். போனைக் கையில் எடுக்கவே கூடாது. 2024 டிசம்பரில் வந்த புதிய சட்டத்தில் அதற்கு அபராதம் 250 யூரோவில் தொடங்குகிறது. கியாந்தி திராட்சைத் தோட்டங்களில் ஒயின் ருசி பார்ப்பதைக் கட்டுரையாளர் சிலாகித்து எழுதியிருக்கிறார். எனக்கு அந்தப் பழக்கமில்லை. இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் உச்சவரம்பு. லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்குப் பூஜ்யம். ஒருவர் குடித்தால் இன்னொருவர் ஓட்டட்டும். ஆனால் அந்த இன்னொருவர் பெயரும் ஒப்பந்தத்தில் ஏறியிருக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம்.

இத்தாலிக்காரர்கள் நெடுஞ்சாலை போடுவதில் பழைய கைகள். மிலானிலிருந்து ஏரிப் பக்கம் போகும் முதல் ஆட்டோஸ்ட்ராடா 1924-லேயே திறந்துவிட்டார்கள். மிலானையும் நேப்பிள்ஸையும் இணைக்கும் ஏ1 சாலை 1964-ல் முடிந்தது. போலோன்யாவுக்கும் ஃபுளோரன்ஸுக்கும் நடுவில் அது மலையேறும் இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. பழைய வளைவுச் சாலை ஒன்று, 2015-ல் திறந்த சுரங்கப் பாதைகள் நிறைந்த நேர்ச் சாலை ஒன்று. எது வழியாகப் போனாலும் ஃபுளோரன்ஸ் வரும், பதற வேண்டாம். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போனோம். ஞாயிறு பகலில் 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு அங்கே தடை. மற்ற நாட்களில் அந்த மலைப்பகுதியில் லாரிக்குப் பின்னால் லாரி.

வேகம் 130 வரை. மழை பெய்தால் 110. ஆங்காங்கே இரண்டு இடங்களுக்கு நடுவே நாம் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டுச் சராசரி வேகம் பார்க்கிறார்கள். கேமராவைக் கண்டதும் மிதித்து நிறுத்தி, தாண்டியதும் பறக்கும் நம் சேலம் பைபாஸ் வித்தை அங்கே பலிக்காது.

டோல்கேட் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியது. நமக்கு ஃபாஸ்டேக் பழகிப்போய்விட்டதால் எந்த லேனிலும் நேரே விட்டுவிடும் புத்தி வந்துவிட்டது. அங்கே மஞ்சள் பலகை போட்ட லேன் சாதனம் பொருத்திய வண்டிகளுக்கு மட்டும். நாம் நுழையும் இடத்தில் பட்டனை அழுத்தினால் ஒரு டிக்கெட் வரும். அதை வெளியேறும் டோல்கேட்டில் போட்டால் எவ்வளவு என்று காட்டும். நாணயமும் கையும் வரைந்த பலகை ரொக்கத்துக்கு, நீலப் பலகை கார்டுக்கு. டிக்கெட்டைத் தொலைத்தால் அந்தச் சாலையின் மிகத் தொலைவான நுழைவிலிருந்து வந்ததாகக் கணக்குப் போடுவார்கள். என் மனைவி அதைத் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். தப்பித்தவறி மஞ்சள் லேனில் போய் மாட்டிக்கொண்டால் ரிவர்ஸ் மட்டும் எடுக்காதீர்கள், அது மிகப் பெரிய குற்றம். உதவி பட்டனை அழுத்தினால் ஒரு சீட்டு வரும், 15 நாளுக்குள் இணையத்தில் கட்டிவிடலாம்.

இனி கேமரா பகுதி.

இத்தாலியின் பழைய நகரங்கள் பலவற்றில் மையப் பகுதிக்குள் வெளி வண்டிகள் நுழையத் தடை உண்டு. இசட்.டி.எல். என்று மூன்றெழுத்தில் சொல்வார்கள். ஃபுளோரன்ஸ், பீசா, சியெனா, ரோம் எல்லா இடத்திலும் இருக்கிறது. தடுப்பு இல்லை, கேட் இல்லை, கைகாட்டி நிறுத்தும் போலீஸும் இல்லை. சாலையோரம் வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட ஒரு பலகை, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் நேரம், மேலே ஒரு கேமரா. பக்கத்தில் விளக்குப் பலகை இருந்து அதில் சிவப்பு எரிந்தால் உள்ளே போகக் கூடாது. நம்மைத் தாண்டி உள்ளூர் வண்டிகள் சாதாரணமாகப் போய்க்கொண்டே இருக்கும். அவர்களுக்கு அனுமதி இருக்கிறது. கூகுள் மேப் சொல்லும் வழியை நம்பி அவர்கள் பின்னாலேயே போனால், கேமரா ஒரு படம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் நமக்கு ஒன்றுமே தெரியாது. ஓட்டலுக்குப் போவோம், சாப்பிடுவோம், விமானம் ஏறி ஊர் வந்து சேர்வோம்.

எங்கள் ஊரிலேயே டையிங் தொழில் செய்யும் நண்பர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஃபுளோரன்ஸில் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் ஓட்டல். அதைத் தேடி ஒரே தெருவைத் திரும்பத் திரும்பச் சுற்றியிருக்கிறார். ஊர் திரும்பிய சில மாதத்தில் அவர் கிரெடிட் கார்டில் ஐம்பது ஐம்பது யூரோவாகச் சில முறை பணம் பிடித்திருந்தது. வாடகைக் கம்பெனியைக் கேட்டால், இது அபராதமில்லை, உங்கள் பெயரையும் முகவரியையும் போலீசுக்குக் கொடுத்ததற்கான எங்கள் கட்டணம் என்றார்களாம். ஒப்பந்தத்தில் அது இருந்தது. அபராதம் தனியாகப் பதிவுத் தபாலில் வந்தது, எட்டு மாதம் கழித்து. கேமராவைக் கடந்த ஒவ்வொரு முறைக்கும் ஒன்று வீதம். இத்தாலியில் குடியிருப்பவருக்கு 90 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், வெளிநாட்டுக்காரர் என்றால் 360 நாள் வரை அவகாசம் உண்டு. அந்தக் குற்றத்துக்கு அபராதம் 83 யூரோவில் தொடங்குகிறது, அனுப்பும் செலவு தனி. நோட்டீஸ் கைக்கு வந்த ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி. 60 நாள் தாண்டினால் ஏறத்தாழ இரட்டிப்பு. நண்பர் முதல் கடிதத்தை ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்து மேஜை டிராயரில் போட்டுவிட்டார். தள்ளுபடியும் போயிற்று, 60 நாளும் போயிற்று.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் தங்கிய ஓட்டல் அந்தத் தடைப் பகுதிக்குள்ளேயேதான் இருந்தது. அப்படிப்பட்ட ஓட்டலில் தங்குபவர்கள் வண்டி நம்பரைக் கொடுத்தால், ஓட்டல்காரர் அதை நகராட்சியில் பதிந்து, வந்து சாமான் இறக்குவதற்கு அனுமதி வாங்கிக் கொடுக்க முடியும். யாரும் அவரிடம் சொல்லவில்லை. டிக்கெட், ஓட்டல், கார் எல்லாம் சேர்த்து 'செல்ஃப் டிரைவ் பேக்கேஜ்' விற்ற டிராவல்ஸ்காரர் சொல்லியிருக்க வேண்டாமா?

நாங்கள் ஃபுளோரன்ஸுக்குள் காரைக் கொண்டுபோகவே இல்லை. ஏ1 சாலையை விட்டு ஊருக்குள் இறங்காமலே, சாலையிலிருந்தே நேராகப் போய் நிறுத்தும் வில்லா கோஸ்டான்சா என்ற பார்க்கிங் இருக்கிறது. காரை அங்கே விட்டுவிட்டு, வாசலிலேயே நிற்கும் டி1 டிராமில் ஏறினால் இருபது நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் ஊர் நடுவில் இருக்கும் ரயில் நிலையம். தஸ்கனி போகிற எவரும் இந்த ஒரு பெயரை மட்டுமாவது எழுதி வைத்துக்கொள்ளட்டும். சியெனாவில் கோட்டைச் சுவருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தோம். அங்கே ஒரு திருப்பத்தில் மேப் இடப்பக்கம் போகச் சொன்னது. மனைவிதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறார். "ஏனுங்க, அந்தச் செவப்பு வளையம் தெரியுதுங்களா? நேராப் போங்க, மேப்பு கெடக்குது" என்றார். போனேன். பின்னால் வந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்தார், அடிக்கட்டும்.

பார்க்கிங்கில் கோட்டின் நிறம் பார்த்தால் போதும். வெள்ளை இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் நமக்கில்லை. சில வெள்ளைக் கோட்டு இடங்களில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று வரம்பு போட்டிருப்பார்கள். அதற்கு நீல அட்டையில் கடிகார முகம் போல ஒன்று காருக்குள்ளேயே இருக்கும். வந்த நேரத்துக்கு முள்ளைத் திருப்பி முன்கண்ணாடியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். எங்கள் காரில் அது டேஷ்போர்டுக்கு அடியில் கிடந்தது, ஓரமெல்லாம் மழுங்கி, எத்தனையோ பேர் விரல் பட்டுப் பட்டு எண்கள் மங்கிப்போய். கணினியில் எட்டு மாதம் கழித்துப் பிடிக்கிற அதே நாட்டில், நீ வந்த நேரத்தை நீயே சொல் என்று ஒரு அட்டையை நம்பி விட்டிருக்கிறார்கள்.

பெட்ரோல் பங்கில் நாமே போட்டுக்கொண்டால் ஒரு விலை, ஆள் வந்து போட்டால் வேறு விலை. ஆள் இல்லாத பங்கில் கார்டைச் செருகினால் நூறு யூரோ போலப் பிடித்துவைத்து, அப்புறம் போட்ட அளவுக்கு மட்டும் எடுக்கும். குறைந்த பேலன்ஸ் உள்ள கார்டு வேண்டாம். பெட்ரோலுக்கு வட்டக் குறி, டீசலுக்குச் சதுரக் குறி, ஐரோப்பா முழுக்க இதே அடையாளம்தான். டேங்க் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறியோடு ஒப்பிட்டுப் போடுங்கள்.

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம், யாரையும் போகாதே என்று சொல்வதற்கில்லை. அந்த மலைப்பாதையில் சாயங்கால வெயிலில் ஓட்டியதை நான் மறக்கப் போவதில்லை, பஸ் டூரில் அது கிடைக்காது. என் கோரிக்கை இரண்டு இடங்களுக்கு. ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் பன்னாட்டு அனுமதி கொடுக்கும்போது கூடவே ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு கொடுக்கலாம். ஆயிரம் ரூபாய் வாங்குகிறார்கள், ஒரு ஜெராக்ஸ் தாளுக்கு என்ன செலவாகிவிடும்? இன்னொன்று டிராவல்ஸ் நடத்துபவர்களுக்கு. செல்ஃப் டிரைவ் பேக்கேஜ் விற்றால், ஓட்டல் தடைப் பகுதிக்குள் இருக்கிறதா, டெபாசிட் எவ்வளவு பிளாக் ஆகும் என்ற இரண்டையும் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். தெரியாது என்று சொல்ல உங்களுக்கு வாய்ப்பில்லை, ஓட்டலை புக் செய்ததே நீங்கள்தான்.

உங்களுக்கும் ஒன்று. இத்தாலிக்கு நம் லைசென்ஸ் மட்டும் போதும் என்ற வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அடுத்த வாரம் ஸ்விட்சர்லாந்து என்று அறிவித்திருக்கிறீர்கள். அங்கே நெடுஞ்சாலையில் டோல்கேட் கிடையாது, அதற்குப் பதில் 40 பிராங்க் கொடுத்து ஆண்டு ஸ்டிக்கர் வாங்க வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து இணையத்திலும் வண்டி நம்பருக்கு வாங்கலாம். ஸ்விஸ்ஸில் எடுத்த வாடகைக் காரில் அது ஏற்கெனவே இருக்கும். மிலானிலோ, ஜெனீவா விமான நிலையத்தின் பிரெஞ்சுப் பக்கத்திலோ கார் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டினால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது நம் பொறுப்பு. அதோடு, எல்லை தாண்ட வாடகைக் கம்பெனியிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதியும் வாங்க வேண்டும். கட்டுரையாளரிடம் இதைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நிட்டிங் யூனிட் நடத்தும் ஒரு வாசகர்,
திருப்பூர்.